மாடிப்படியில் ஐம்பது கூட்டங்கள்

ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆடுகள் சேர்ந்தால் மந்தை, எறும்புகள் போனால் சாரை, சாவிகள் சேர்ந்தால் கொத்து. இப்படிக் கூட்டங்களுக்கு உள்ள பெயர்களில் ஐம்பது எழுதிவர வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது, வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும். முடித்தவர்களைத் தென்னூரில் நடக்கும் தமிழ்ப் போட்டிக்கு அழைத்துப் போவாராம். எனக்குத் தமிழ் மீது அப்படியொன்றும் பாசம் பொங்கவில்லை. போட்டி முடிந்ததும் பிரியாணி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வீட்டில் கேட்பதில்தான் சிக்கல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் நாங்கள், கீழே பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பாவும் பெரியப்பாவும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா பெயரில் பத்திரிகை அடித்தது அப்பா. நல்வரவை விரும்பும் சொந்தக்காரர்கள் வரிசையில் மண்ணச்சநல்லூர் ஒன்றுவிட்ட மாமா வரைக்கும் இருந்தார்கள்; கூடப்பிறந்த அண்ணன் மட்டும் இல்லை. அச்சுக்கு முன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் அப்பாதான். ‘விட்டுப்போச்சுண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவோ அச்சகத்துக்காரரைத் திட்டித் தீர்த்தார். பெரியப்பா கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வாழை இலைக்குக் ‘கட்டு’ என்று எழுதிக்கொடுத்தார். எனக்குச் சந்தேகம். பெரியப்பா காந்தி மார்க்கெட்டில் இலை வியாபாரம் செய்பவர் ஆயிற்றே. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

“கட்டா? ஒங்கப்பனுக்கு இலையில சாப்பிடத்தான் தெரியும். அஞ்சு இலை ஒரு பூட்டு. பூட்டெல்லாம் சேர்ந்தாதான் கட்டு” என்று சிவப்புப் பேனாவால் அடித்து எழுதினார் பெரியப்பா. “ரயில் பெட்டியெல்லாம் சேர்ந்தா என்னன்னு கேளு அவன.”

மாடிக்கு ஓடினேன். “ரேக்” என்றார் அப்பா.

கீழே ஓடினேன். “அது என்ன பாஷையாம்?” என்று பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

இப்படியே ஒரு வாரம். வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்குச் சீப்பு, வைக்கோலுக்குப் போர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த, அதற்கு இவர் ஒன்று சொல்ல, படியேறி இறங்கி என் முட்டி கழன்றுவிட்டது. இரண்டு பெரிய மனுஷர்களுக்கு ஒரு சின்ன விஷயத்தில் இத்தனை வீம்பா என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

நோட்டைக் கொடுப்பதற்கு முதல்நாள் சாயங்காலம் நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. இனி என்னால் ஏற முடியாது என்று நடுப்படியில் நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னும் ஒன்னுதான்! யாராவது சொல்லுங்களேன்!” என்று கத்தினேன்.

கீழேயிருந்து பெரியப்பா குரல் வந்தது. “கொள்ளிடத்துல தண்ணி வடியறப்ப மீன் புடிச்சு ஈர்க்குல கோத்துட்டு வருவோமே, அதுக்கு என்னன்னு அவன கேளு.”

காபி டம்ளரோடு அப்பா மாடி வாசலுக்கு வந்தார். “கோவை. அந்தக் கோவைய மறுபடி ஆத்துல வுட்டது யாருன்னு கேளு பாப்பா.”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா படியடிக்கு வந்துவிட்டார். “நீ மீன் பாவம்னு அழுதேன்னுதான்டா வுட்டேன்!”

“நான் எங்கண்ணே அழுதேன்? வீட்ல அடி வுழும்னு நீதான் அழுதே!”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரமாக என்னை நாய் மாதிரி ஓடவிட்டுவிட்டு, இப்போது இவர்களே பேசிக்கொள்கிறார்களாம்! அப்பா நான்கு படி இறங்கினார், பெரியப்பா நான்கு படி ஏறினார். என் தலைக்கு மேல் இருவரும் நின்றார்கள்.

“அண்ணே, அந்தப் பத்திரிகை... நான்தான் சரியாப் பாக்கல.”

“வுடுடா. மீன் கதைய முடி.”

பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். டம்ளர் கவிழ்ந்தது. காபி மொத்தமும் என் நோட்டில். இங்க் பேனாவில் எழுதிய மந்தையும் சாரையும் பூட்டும் கவுளியும் கரைந்து ஓடின. அதை அவர்கள் கவனிக்கக்கூட இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார் பெரியப்பா. பெரியம்மா இலை போடுகிற சத்தம் கேட்டது.

சொட்டச் சொட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு அழுதபடி அம்மாவிடம் போனேன். அம்மா மாடி வாசலில் நின்று, கீழே பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. எனக்கு என் அழுகையே மறந்துபோய்விட்டது. ஒரு நோட்டுக்காக இப்படியா ஒருத்தி அழுவாள்?

“பரவால்லம்மா, அழாத” என்று இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.”