நூல் வலையா, நைலான் வலையா: மாமல்லபுரம் போய்ப் பார்த்தது

நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்காக இதைப் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அத்தா (என் அப்பா) இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு மாமல்லபுரம் போனேன். தெரிந்தால் என் படிப்பு அன்றோடு நின்றுவிடும்.

எல்லாம் வருகிற திங்கட்கிழமை நம் பள்ளியில் நடக்கும் கண்காட்சியால் வந்தது. நைலான் வலை மக்காது, அதனால் நூல் வலைதான் நல்லது என்று அட்டையில் எழுதியிருந்தேன். நம் வகுப்பு வசந்தா படித்துவிட்டு, "வல செத்த கததான் கீது. பொறந்த கத, ஒழச்ச கத எங்கடி?" என்றாள். ரோஷம் வந்து, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கல்பட்டில் காலை 8.10 பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். 9.25க்கு இறங்கினோம். (வலது பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும்.)

கடற்கரையோடு கால் மணி நேரம் வடக்கே நடந்தால் மீனவர் குப்பம். அங்கே பெரிய அண்டாவில் ஏதோ கொதித்தது. மீன் குழம்பு என்று வசந்தா எட்டிப் பார்த்தாள். உள்ளே நூல் வலை! மரப்பட்டைச் சாயத்தில் வெந்துகொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த கன்னியம்மாக்கா சிரித்தார்.

"இன்னா பாப்பா, தட்டு எடுத்துகினு வந்தியா? வாரம் ஒருதபா இப்டி காய்ச்சாட்டி நூலு மக்கிப்பூடும்."

ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டுச் சவுக்கு விறகு எரியுமாம். பக்கத்தில் அடுக்கியிருந்தது என் உயரத்துக்கு இருந்தது. என் நல்ல வலை வாரந்தோறும் தோப்பைத் தின்கிறது!

அப்படியானால் நைலான்தான் நல்லதா என்று கேட்டேன். அக்கா காலால் மணலைக் கிளறி ஒரு நைலான் துண்டை இழுத்தார். "இது எந்தக் காலத்து வலையோ. மூணு நூல் வல தேயற வரிக்கும் ஒழைக்கும். செத்தா மட்டும் மக்கிப் போவாது." அதில் ஒரு நண்டு சிக்கியிருந்தது. வசந்தா விடுவித்ததும் அது அவளையே கடித்தது.

இப்போது அட்டையில் பிறப்பு, உழைப்பு, சாவு என்று மூன்று கட்டங்கள். நைலான் பிறக்கும் தொழிற்சாலையைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்றே எழுதினேன். எது நல்லது என்ற முடிவும் இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் செருப்போடு போங்கள், சூடான மணல். திரும்ப 1.30 பஸ் வசதி. முக்கியமாக, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கண்காட்சிக்கு அத்தா வருகிறார். விறகுக் கணக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாம்தான். ஆனால் அட்டையின் அடியில் பென்சிலால், 'குப்பத்துக்குப் போய் நேரில் பார்த்தது' என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை அழித்தேன். இப்போது அதை மையால் எழுதிவிட்டேன்.