கன்றுகளுக்குக் கூடிய எடை

ஜீயபுரத்தில் என் மனைவியின் தம்பி இறைச்சிக்காக எருமைக் கடாக்கன்றுகள் வளர்க்கிறார். அவள் மறைந்த நான்காம் மாதம் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். தீவனத்தில் கலக்கும் புதிய தூள் ஒன்று செரிமானத்தைப் பெருக்குகிறதாம். ஐந்து கன்றுகளுக்குக் கொடுத்ததில் பத்தே நாளில் எடை நன்றாக ஏறிவிட்டதாம். மறுநாள் முதல் கொட்டகையிலுள்ள எல்லாவற்றுக்கும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கால்நடைத் தீவனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பத்து நாளில் அவ்வளவு சதை வைக்காது. மதியமே ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறினேன்.

மூட்டையில் கொழுத்த காளையின் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் இல்லை. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். உப்பு. தூள் தின்ற கன்றுகளின் சாணத்தைச் சல்லடையில் இட்டு அலசினேன். குருணை மக்காச்சோளம் செரிக்காமல் அப்படியே கிடந்தது. அந்த ஐந்து கன்றுகளும் தொட்டியிலிருந்து தலையெடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தன.

“எப்ப எடை போட்டீங்க மாப்ள?”

“நேத்து சாயங்காலம், தண்ணி காட்டினப்புறம். அப்பத்தான் சாதுவா நிக்குதுங்க.”

“தூள் போடறதுக்கு முன்னாடி?”

“அது காலையில. எல்லாக் கன்னையும், வெறும் வயித்துல.”

“அப்ப கூடினது தண்ணி.”

அவர் சிரித்தார். “சாணியைக்கூட விடமாட்டீங்க போல. சந்தேகப்படறதுக்குன்னே பஸ் ஏறி வந்தீங்களா அத்தான்?” பிறகு சிரிப்பு நின்றது. “அக்காவுக்கு நாலு கிலோ கூடிருச்சுன்னு எல்லாருக்கும் போன் போட்டீங்களே, அன்னிக்கு எங்க போச்சு இந்தச் சந்தேகம்?”

அவளுடைய சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மருத்துவரைச் சந்தேகித்தேன், மாத்திரைகளைச் சந்தேகித்தேன். நான் விரும்பிய எண்ணை மட்டும் சந்தேகிக்கவில்லை. கால்கள் நீர் கோத்து வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அன்னிக்குச் சந்தேகப்படலை,” என்றேன். “தூளை நிப்பாட்டுங்க. ரெண்டு நாள் தண்ணி தாராளமா காட்டுங்க. மூணாம் நாள் காலையில, தீனிக்கும் தண்ணிக்கும் முன்னாடி, எல்லாத்தையும் எடை போடுங்க.”

அவர் மூட்டையைச் சணலால் கட்டினார்.

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. “மத்ததுங்க கூடின அளவுதான் அத்தான், தூள் தின்ன அஞ்சும் கூடியிருக்கு. அதுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் அதிகம்.” பிறகு சொன்னார், “அக்காவை இழுத்திருக்கக் கூடாது.”

“கேக்க வேண்டிய கேள்விதான்,” என்றேன். “அந்த ஒண்ணை நாளைக்குக் காலையிலயும் எடை போட்டுப் பாருங்க.”