கீழ் வீட்டுக்காரிக்குப் பயந்து பின்னிய செருப்பு

வெள்ளானூரில் நாங்கள் வாங்கிய வீடு முதல் மாடியில் இருக்கிறது. நேர் கீழே அறுபது வயதுக்காரி ஒருத்தி தனியாக இருந்தாள். எங்கள் அடுக்குமாடி நிற்கும் நிலமே அவர்கள் குடும்பத்துடையது. பில்டர் அதற்கு ஈடாகக் கொடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் அவள் இருந்தாள். இன்னொன்றில், எங்கள் தலைக்கு மேலே, அவள் மகன் குடும்பம். நாங்கள் கரூர்ப் பக்கத்துக்காரர்கள். அவளுக்கு நாங்கள் யாரோ.

குடிவந்த மூன்றாம் நாளே கதவைத் தட்டினாள்.

"இன்னா டீச்சர், ஊட்டுக்குள்ள ஆட்டுக்கல்லு உருட்டிகினு கீறீங்களா? என் தல மேலயே உயுந்துடும் போல கீது."

நான் அழுத்தி நடப்பவள்தான். மன்னிப்புக் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்றிலிருந்து வாரம் இரண்டு முறையாவது வந்தாள். வராத நாட்களில் ஒட்டடைக் கம்பால் கீழிருந்து இடித்தாள். எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில், எங்கிருந்தோ வந்தவர்களுக்கு வீட்டில் நடக்கக்கூடத் தெரியவில்லை என்று குரல் பதிவு போட்டாள். யாரும் எங்களுக்காகப் பேசவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ரப்பர் செருப்பு போட்டுப் பார்த்தேன், சத்தம் கூடியது. சாக்ஸ் டைல்ஸில் வழுக்கியது. அப்போதுதான் போனில் ஒரு பழைய படம் கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் போட்ட பின்னல் செருப்பு. கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு பொத்தான், முன்னால் ஒரு உல்லன் பந்து. பள்ளிக்கூடத்தில் கற்ற குரோஷா ஊசிப் பின்னல் கைக்கு மறக்கவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் மெரூன் நிறக் கம்பளி நூல் வாங்கினேன். "இந்த வெயில்ல கம்பளிச் செருப்பாம்மா?" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு இழை சேர்த்துப் பின்னினேன். இடது கால் சரியாக வந்தது. வலது கால் பின்னும்போது கீழே இடித்துக்கொண்டே இருந்தாள். முடித்துப் போட்டால் கால் நுழையவில்லை. பின்னல் கண்ணிகளை எண்ணிப் பார்த்தேன், இரண்டு செருப்பிலும் ஒரே எண்ணிக்கைதான். கோபத்தில் இழுத்து இழுத்துப் பின்னியதில் செருப்பே இறுகிப் போயிருந்தது. அவளைத் திட்டிக்கொண்டே பிரித்து, மறுபடி பின்னினேன். அடியில் பழைய ஜீன்ஸ் துணி இரண்டு மடிப்பு, வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டுகள். கணவருக்கும் ஒரு ஜோடி. உல்லன் பந்து வேண்டாம் என்றார்.

போட்டு நடந்தால் எனக்கே என் நடை கேட்கவில்லை. நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே கம்பு இடித்தது.

இறங்கிப் போய், "வாங்க மேல" என்றேன். என் முகத்தைப் பார்த்து, கம்பை வைத்துவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்தேன். "இப்ப யாரு நடக்குறாங்க, நீங்களே கேளுங்க."

இரண்டு நிமிடம் ஆனது. மேலே தொம்மென்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. அவள் மகன் உடற்பயிற்சி செய்துவிட்டு இரும்பு எடையைத் தரையில் போடும் சத்தம். அது எங்களுக்கும் தினமும் கேட்பதுதான். தூண் வழியாகக் கீழ் வீடுவரை இறங்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

அவள் முகத்தில் வியப்பே இல்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும்," என்றாள். "மருமவ என்னாண்ட பேசி ரெண்டு வருசம் ஆவுது. புள்ளையும் அவ பேச்சுதான். அவங்கள நான் கேக்க முடியாது. உன்னத்தான் கேக்க முடியும்."

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குழுவில் அவள் போட்ட குரல்தான் காதில் இருந்தது.

எழுந்தவள் என் காலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அது நீயே பின்னுனதா? எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன். குதிகாலு வெடிச்சி ரத்தம் வர்து."

வெடித்துத்தான் இருந்தது, பார்த்தேன்.

"முடியாதுங்க," என்றேன்.

அவள் இறங்கிப் போனாள். அவர் எழுந்து வந்து, ஒரு ஜோடிதானே, கொடுத்திருக்கலாமே என்றார். நீங்களே பின்னிக் கொடுங்கள் என்றேன்.

அதன்பின் அவள் இடிக்கவில்லை, குழுவிலும் குரல் பதிவு போடவில்லை. அந்த மாதமே ஆவடியில் என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒரு ஜோடி கேட்டார். மூன்றே நாளில் பச்சைப் பட்டை வைத்துப் பின்னினேன். வாங்க வந்தவரை வீட்டுக்குள் அழைக்காமல், கீழ் வீட்டு வாசலுக்கு எதிரே படிக்கட்டில் நிறுத்தி, பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, கையில் தந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன்.