மண்ணுக்குள் கிடந்த வித்து

களக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிற சுண்ணாம்புச் சூளை நான் கட்டியது. ஓட்டு வீடு இரண்டு, கடை ஒன்று, எங்கள் வேதக்கோயிலின் மேற்குச் சுவர், எல்லாம் இந்தக் கை வைத்ததுதான். நான் பனையேறியின் மகன், இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பாளையங்கோட்டை மிஷன் துரைமார் ஒருவரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. ஆனால் சபைக் கிணற்றைப் பற்றிப் பேச வந்தால், என்னைவிட முதலில் என் மதினியை, அண்ணன் பெண்சாதியைச் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்காத வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்களான நாங்கள், ஊர்க் கிணற்றில் வாளி போடக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் வீரம் பேசினோம். கோடை முற்ற முற்ற ஒவ்வொரு வீடாக வரியைக் கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வராமல் நின்றது. நாலு வீடுதான் மிச்சம். தூரத்து ஓடையில் மணலைத் தோண்டி ஊறுகிற தண்ணீரைப் பெண்கள் சுமந்து வந்தார்கள்.

ஆராதனை நடத்துகிற உபதேசியார் காய்ச்சலில் கிடந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வேதம் வாசித்தாள். எல்லாம் அழிந்தாலும் கொஞ்சப் பேர் மிஞ்சுவார்கள், இலையுதிர்ந்த மரத்துக்கு அடிமரம் நிற்பதுபோல அவர்களே வித்தாக இருப்பார்கள் என்று தீர்க்கதரிசி சொல்லுகிற இடம் அது. வரி கொடுத்துவிட்ட என் சித்தப்பா எங்களையும் வரி கொடுக்கக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏலே, மொட்டப்பன என்னைக்குலே துளுத்திருக்கு?” என்றார் என்னிடம். தலை போன பனை துளிர்க்காது என்பது பனையேறி வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா?

மதினி புத்தகத்தை மூடாமலே சொன்னாள்: “பன துளுக்காது மாமா. ஆனா பனங்கொட்டை மண்ணுக்குள்ள கெடந்தா, மேல வாரதுக்கு முன்னால கீழதான போவுது. தீர்க்கதரிசி வித்துன்னுதான் சொல்லுதாரு.”

மறுநாளே கோயிலுக்குப் பின்னால் கிணறு வெட்டத் தொடங்கினோம். ஆள் உயரத்துக்குத் தோண்டியதும் பாறை மறித்தது. கடப்பாரை முனை மழுங்கியது. நானும் வரியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று மதினியிடம் சொன்னேன்.

“போணும்னா போங்க கொழுந்தனாரே. கடப்பாரைய மட்டும் வச்சிட்டுப் போங்க.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆம்பிளை போவானா? சூளையில் வேலை பார்த்த கை எனக்கு. பனைமட்டையைப் பாறைமேல் குவித்துத் தீ வைத்து, கல் கொதிக்கும்வரை எரித்தேன். சூட்டோடு தண்ணீர் விட்டால்தான் கல் விரிசல் விடும். வீட்டில் இருந்தது குடிக்க வைத்த ஒரு குடம். யாரும் அதைத் தொடவில்லை. மதினி இடுப்பில் எடுத்து வந்து கவிழ்த்தாள். பாறை வாய் பிளந்தது. அப்படியே சுட்டுச் சுட்டு, பெயர்த்துப் பெயர்த்து, ஊற்றுக் கண்ணைத் திறந்தவன் நான்.

தண்ணீர் ஊறியதும் விலகிப் போனவர்கள் குடத்தோடு வந்தார்கள். சித்தப்பாவும் வந்தார். மதினி ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. சிலர் ஆராதனைக்கும் திரும்பினார்கள், சிலர் தண்ணீரோடு சரி.

இப்போது சபை வரலாறு எழுதுகிற ஐயாமார், மிஷன் வெட்டிக் கொடுத்த கிணறு என்று எழுதியிருக்கிறார்களாம். என் பேரன் வாசித்துக் காட்டினான். மதினி கர்த்தரிடம் போய்விட்டாள். உயிரோடு இருந்தாலும் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருக்க மாட்டாள். நான் கேட்பேன். வித்து என்று சொன்னதும் குடத்தைக் கவிழ்த்ததும் அவள் என்று முதலில் எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், பாறையை உடைத்தவன் நான் என்று எழுதுங்கள். எழுதிய பிறகு என்னிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.