வால்வுத் தட்டில் ஒரு கீறல்

சமாதானக் காலம். கிளிநொச்சியில் எங்கள் முற்றத்து கொம்பிரசர்தான், தெருவில் போகிற சைக்கிள்களுக்கெல்லாம் காற்றடித்து, வீட்டுக்குச் சோறு போட்டது. அது காற்றை ஏற்ற மறுத்ததும் திருத்துகாரரிடம் ஏற்றிப் போனேன். நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் கதை. அதனால் கொடுக்குமுன் நானே அதன் தலைமூடியைக் கழற்றி, உள்ளே காற்றைக் கசியாமல் அடைக்கிற வால்வுத் தட்டில் ஆணியால் ரகசியமாக ஒரு கீறல் போட்டிருந்தேன்.

பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார் அவர். புது ரிங் வவுனியாவிலிருந்து வர இரண்டு கிழமை. அந்தப் பதினாலு நாளும் சந்தேகம் எனக்குள் நிற்காமல் ஓடியது.

எடுக்கப் போன அன்று, கழற்றிக் காட்டச் சொன்னேன். தட்டு பளபளத்தது. கீறலைக் காணவில்லை.

“இது என்ர தட்டில்லை.”

“உங்கடைதான் அண்ணை. புது ரிங் போட்டும் காத்து நிக்கேல்லை. சவர்க்காரத் தண்ணி விட்டுப் பாத்தா தட்டடியில நுரைக்குது. கழட்டினா, ஆரோ ஒரு மூளை கெட்ட விசரன் ஆணியால கீறி வச்சிருக்கிறான். அதுக்குள்ளாலதான் போகுது. அரை நாள் தேய்ச்சு மட்டமாக்கினனான்.”

அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

“கீறல் போல்ட் ஓட்டைக்குக் கிட்டத்தானே இருந்தது, குறுக்கால?”

அவர் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அண்ணை, அந்த விசரனை உங்களுக்குத் தெரியுமோ?”