தம்பிக்குச் சூடு வந்த மத்தியானம்

தம்பியின் கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். மதுரையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் கிடந்துவிட்டு, ஒன்றே முக்கால் கிலோவோடு உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். அது கார்த்திகை மாதம். மழை விட்டபாடில்லை. எனக்கு எட்டு வயது. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை, காய்ச்சல் வேறு. உள்ளறைக் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று தம்பியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் பிள்ளை வளர்ப்பில் அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

தம்பி வீட்டுக்கு வந்த மறுநாளே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, கூச்சப்படாதீங்க. சட்டையக் கழட்டிட்டு பிள்ளைய நெஞ்சோட ஒட்டி வச்சு மேல துணியப் போத்திக்கங்க. பிள்ளையோட அம்மாவுக்குக் காய்ச்சல் விடுற வரைக்கும் நீங்கதான் செய்யணும். ஒங்க சூடுதான் மருந்து. தாய்ப்பால் தவிர வேற ஒண்ணும் வாயில ஊத்திராதீங்க."

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுபவர் அவர். முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டிக்குள் விடுவார். ஆனால் தம்பி இருக்கும் பக்கம் வந்தால் மூன்றடி தள்ளியே நிற்பார். முப்பது நாள் தீட்டுக் கழியாமல் தகப்பன் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முப்பதுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அத்தை உரைகல்லை எடுத்து வைத்தாள். "எங்கூட்டு அஞ்சும் இத நக்கித்தான் வளந்துச்சு. பிள்ளைக்கு உள்ள குளுந்து கெடக்கு. உள்ளருந்துல்ல சூட்டக் கெளப்பணும்? ஆம்பள நெஞ்சுல போட்டா ஆச்சா?" என்றாள். அப்பா அதற்கும் தலையாட்டினார்.

சுக்கு, வசம்பு, சாதிக்காய், கடுக்காய். ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைத்து, அந்தக் குழம்பை விரலில் வழித்துத் தம்பி நாக்கில் தடவுவாள். உச்சந்தலையில் சுக்குப் பற்று. நான் கெஞ்சிக் கெஞ்சி உரைக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். சாதிக்காய் மட்டும் மூன்று சுற்றுக்கு மேல் கூடாது என்று அத்தை ஒவ்வொரு முறையும் எச்சரிப்பாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ஐந்து சுற்றுச் சுற்றுவேன். தம்பிக்குச் சீக்கிரம் சூடு ஏறட்டுமே என்ற ஆசை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி அழுவதை நிறுத்தினான். பாலுக்குக்கூட விழிக்காமல் தூங்கினான். மருந்து பிடித்துவிட்டது என்றாள் அத்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அப்பா சந்தையிலிருந்து வந்தபோது அத்தை தம்பியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் உதடு நாவல்பழம் தின்றதைப் போலிருந்தது. உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்த நர்சு சொன்னத ஒரு தடவையாச்சும் செஞ்சு பாருங்களேன்."

அப்பா சட்டையைக் கழற்றினார். பொத்தான் ஒன்று தெறித்து உரைகல்லில் பட்டு விழுந்தது. தம்பியை அள்ளி நெஞ்சோடு சேர்த்து, அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அன்றுதான் அவர் தன் மகனை முதல்முறையாகத் தொட்டார்.

வண்டிக்கு வழி காட்ட என்னை ரோட்டுக்கு அனுப்பினார்கள். குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வண்டி வந்தது. நான்தான் முன்னால் ஓடி வீட்டைக் காட்டினேன். இறங்கியவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்று சுழலும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். தம்பியைக் கொண்டுபோகவில்லை. சத்தம் போடாமல் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை, குணமாகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே அப்பா அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அத்தை முகத்தைச் சேலையால் மூடியிருந்தாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் சேலைக்குள் கைவிட்டுத் தம்பியின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து அப்படி இருந்ததே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். சேலையை இழுத்துத் தம்பியின் காலை மூடினார்.

நான் உள்ளறைக்கு ஓடினேன். "அம்மா, தம்பிக்குச் சூடு வந்துருச்சும்மா. காலெல்லாம் சுடுது" என்றேன்.

அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். நான் கூடுதலாகச் சுற்றிய அந்த இரண்டு சுற்றுதான் தம்பியைப் பிழைக்க வைத்தது என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனேன். தம்பியின் காலில் இருந்தது அப்பாவின் சூடு என்பதும், நெஞ்சிலிருந்து எடுத்தால் அதுவும் போய்விடும் என்றுதான் அவர் அவனைக் கீழே வைக்காமல் இருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.