குங்குமம் வைத்த கிறிஸ்துமஸ் மணி

டிசம்பர் கடைசியில் தளிப் பக்கம் போகலாமா, குளிர் தாங்குமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஸ்வெட்டர் இல்லாமல் போய்விட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது, அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் முதல்முதலாகப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. 1989 டிசம்பர் 24 அன்று, இருபத்தாறு கிலோ எடையுள்ள ஒரு சர்ச் மணியைத் தூக்கிக்கொண்டு போனேன். இத்தனைக்கும் நான் அப்போதும் சாமி கும்பிடாதவன், இப்போதும் கும்பிடாதவன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளர். அங்கே ஃபிட்டராக இருந்தவர் சாலமோன். தளிக்கு அப்பால் ஆறு கிலோமீட்டரில் அவர் ஊர். (ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. போகிறவர்கள் கூட்டமாகப் போய்விடக் கூடாது.) முந்தைய வருஷக் கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனைக்கு மணி அடிக்கும்போது கயிறு அறுந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் வேறு கயிறு தேடியிருப்பார்கள். நம்மவர் ஃபிட்டர் இல்லையா? பையிலிருந்து இரண்டு கிலோ சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டார். வார்ப்பு மணி மேலிருந்து கீழ்வரை விரிந்துபோனது. ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வாங்கிய மணி அது.

அன்றிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள். சாலமோன் சர்ச்சுக்குள் போவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி உள்ளே இருப்பார், இவர் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. "மணி அடிச்சாத்தான் சார் நான் உள்ள போவேன்" என்று என்னிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்த மனுஷனுக்கு ஒரு மணி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மணிக்கு வழி சொன்னவர் தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த முனுசாமி. பழைய ஆக்சிஜன் சிலிண்டரைப் பாதியாக அறுத்துத் தொங்கவிட்டால் வெண்கலமே தோற்றுப்போகும் என்றார். அப்போது அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், எதிரே வருகிற எல்லோரும் அவருக்குச் சாமிதான். காலாவதியான சிலிண்டர் ஒன்றைக் காலி செய்து, தண்ணீர் நிரப்பி, விரதத்தோடு நின்று அறுத்துக் கொடுத்தார். பழைய ஷாஃப்ட் துண்டைக் கடைந்து சாலமோன் நாக்கு செய்தார். ஒரு பக்கத்தில் சிலுவை வரைந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். ஸ்கேல் வைத்து, மையம் பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தேன். ஆத்திகர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகச் சிலுவை போட்டிருக்க மாட்டார்கள்.

மணியின் மேல் உபயம் என்று முனுசாமி பெயரை எழுதவா என்று கேட்டேன். விரதத்தில் இருக்கும்போது பெயருக்கு ஆசைப்படக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

24ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வெள்ளிப் பெயிண்டும் கறுப்புச் சிலுவையும் முடிந்தன. காயட்டும் என்று வைத்துவிட்டு நானும் சாலமோனும் சாப்பிடப் போனோம். பதினொன்றரைக்குத் திரும்பினால் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடக்கிறது, கற்பூரம் எரிகிறது. மணியின் மறுபக்கத்தில் மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். அந்தப் பட்டறையிலிருந்து ஒரு கேட் போனாலும் சரி, கிரில் போனாலும் சரி, பூஜை போடாமல் போனதில்லை. முனுசாமி வழக்கம்போலச் செய்துவிட்டார். பெயிண்ட் காயவில்லை என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. துணியால் துடைத்துப் பார்த்தோம். பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாலமோன் துணியைக் கீழே வைத்தார். முனுசாமி கையைப் பிடித்து, "நல்லதுங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு மணியைச் சாக்கில் சுற்றினார்.

ஓசூர் பஸ் நிலையத்தில் 12.50 பஸ். தளிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு மூன்று ரூபாய், மணிக்கு லக்கேஜ் இரண்டு ரூபாய். அன்றைக்கு நான் என் கொள்கைப்படி கறுப்புச் சட்டை போட்டிருந்தேன். மார்கழி மாதத்தில் கறுப்புச் சட்டைக்காரன் யாராக இருந்தாலும் ஐயப்ப பக்தன்தானே? "சாமி, முன்னால வந்து உக்காருங்க" என்று கண்டக்டர் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். நாத்திகம் பேசி அந்த சீட்டை இழக்க நான் தயாராக இல்லை.

மத்திகிரி தாண்டிய பிறகு ஒரு குலுக்கலில் சாக்கு விலகிக் குங்குமம் தெரிந்தது. கண்டக்டர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். சாலமோன், "எங்க கோயிலுக்குங்க" என்றார். பொய் இல்லை. பின்சீட்டில் காலிப் பூக்கூடைகளோடு இருந்த அம்மா, மிச்சமிருந்த சாமந்தியில் ஒரு முழம் எடுத்து மணியின் கழுத்தில் சுற்றிவிட்டார். நாளைக்கு கிறிஸ்துமஸ், பெங்களூர் மார்க்கெட்டில் பூ விலை ஏறியிருக்கிறது, அந்த சந்தோஷம் அவருக்கு. "ஏசுசாமி வருஷத்துக்கு நாலு தடவ பொறந்தா என் கடனெல்லாம் தீந்துடும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. சாலமோனுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய மணி கொஞ்சம் கொஞ்சமாக இந்துவாகிக்கொண்டிருந்தது.

2.05க்குத் தளி. உள்ளூர் பஸ் நாலரைக்குத்தான் என்றார்கள். முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரை மடக்கினோம். ஓட்டியவர் பசப்பா என்ற கன்னட விவசாயி, சாலமோன் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக்காரர், ஆனால் இவரை அடையாளம் தெரியவில்லை. சர்ச்சுக்குப் புது மணி என்று சொன்னதும் பேச்சைப் பிடித்துக்கொண்டார். விடியற்காலை அந்த சர்ச் மணியைக் கேட்டுத்தான் அவர் வீட்டில் பூப்பறிக்க எழுவார்களாம். ஒரு வருஷமாக அது இல்லாமல் எத்தனை நாள் மார்க்கெட் வண்டியைத் தவறவிட்டோம் தெரியுமா என்று ஆரம்பித்து, "எவனோ ஒரு முட்டாப்பய சுத்தியால அடிச்சு ஒடச்சுட்டான்" என்றார். சாலமோன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, முட்டாப்பயதான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்று மணிக்கு ஊர். ஓடு போட்ட சின்ன சர்ச், முன்னால் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு இரும்புச் சட்டம். நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள். சர்ச் கமிட்டிச் செயலாளர் எஸ்தர் டீச்சரும் வந்தார். ஊராட்சிப் பள்ளி ஆசிரியை. அவர் சம்மதிக்காமல் அந்த சர்ச்சில் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது என்று சாலமோன் சொல்லியிருந்தார். சாமந்தியை எடுத்து ஓரமாக வைத்தார், சிலுவையைப் பார்த்தார், மணியைத் திருப்பினார். விபூதியும் குங்குமமும் வெயிலில் பளிச்சென்று இருந்தன. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றது கேட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். இந்த வருஷம் தண்டவாளமே போதும் என்றார் இன்னொருவர். இரும்புக்கு ஏது மதம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தனை பேரும் என் கறுப்புச் சட்டையைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். எல்லா ஊரிலும் பேசக் கூடாத நேரத்தில் பேசுவது என் பிறவிக் குணம்.

டீச்சர் சாலமோனிடம் இதை யார் செய்தது என்று கேட்டார். சாலமோன் மறைக்கவில்லை.

"முனுசாமின்னு ஒருத்தருங்க டீச்சர். மலைக்கி மால போட்டிருக்காரு. வெறுங்கால்ல நின்னு அறுத்துக் குடுத்தாரு. அவருக்கு நம்ம ஊரு எங்க இருக்குதுன்னுகூடத் தெரியாது. நான் ஒடச்சதுக்கு அவரு செஞ்சாரு. பேரு எழுதறோம்னோம், வேணாம்னுட்டாரு."

டீச்சர் மணியை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு முதலில் தொங்கவிடுங்கள், சத்தம் கேட்போம் என்றார். சட்டத்தில் மாட்டிக் கயிறு கட்டினோம். சாலமோன் கயிற்றைத் தொடவே இல்லை. போன வருஷத்துப் பயம். நான் அடிக்கிறேன் என்று முன்னால் போனேன். "நீங்க தள்ளுங்க சார்" என்றார் டீச்சர். சாலமோனைப் பார்த்து, "ஒடச்ச கைதான் அடிக்கணும்" என்றார்.

சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு அடிதான். சத்தம் கிளம்பி எதிர்க் குன்றில் மோதித் திரும்பி வந்தது, அப்புறமும் நிற்கவில்லை. காலுக்குக் கீழே மண் அதிர்ந்ததுபோல இருந்தது. கீழ்த்தெருவிலிருந்தும் பூந்தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தூரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பசப்பா துண்டைச் சுழற்றினார். சாலமோன் கண்ணைத் திறந்து மணியைத் தடவித் தடவிப் பார்த்தார், விரிசல் இருக்கிறதா என்று.

டீச்சர் குங்குமப் பக்கத்தைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம கோயில்ல டியூப்லைட்ல, ஃபேன்லகூட உபயம்னு பேரு எழுதி வெச்சிருக்கறோம். இந்த மனுசன் பேரு எழுத வேணாம்னு இத வெச்சிருக்காரு. இதுதான் அவரு கையெழுத்து. யாரும் தொடாதீங்க."

சிலுவை சர்ச்சைப் பார்க்கட்டும், மறுபக்கம் தெருவைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. ஆனால் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் மணி, அடிக்க அடிக்கத் திரும்பும். ஃபிட்டர் சாலமோனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. திரும்பாமல் இருக்க ஒரு பின் போட்டுவிடவா என்று கேட்டார். டீச்சர் அண்ணாந்து பார்த்தார். "சுத்தட்டும் விடு" என்றார்.

அன்றிரவு சாலமோன் வீட்டில் தங்கினேன். கிறிஸ்துமஸ் காலை நாலரைக்கு அவர் மணி அடித்தார். நான் எண்ணினேன், இருபத்தைந்து அடி. அடித்து முடித்து, கயிற்றைத் தூணில் சுற்றிவிட்டு, புது வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் மனைவி திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நான் புளியமரத்தடியில், அவர் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்த அதே கல்லில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் ஜெயித்த அணியில் இருந்தேன், வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு இட்லியும் கோழிக் குழம்பும்.

26ஆம் தேதி முனுசாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான், "சத்தம் எப்படிங்க சாமி?" ஊரே எழுந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இனி, போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணமெல்லாம் பழைய கதை, இப்போது கேட்டுக்கொண்டு போங்கள். தளிக்கு அப்பால் பஸ் குறைவு, அதனால் மதியத்துக்குள் ஓசூரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விடியற்காலைப் பனியில் பைக் ஓட்டாதீர்கள். கறுப்புச் சட்டை போட்டுப் போனால் பஸ்ஸில் சீட் கிடைக்கும்.

போன டிசம்பரில் நானும் மறுபடி போயிருந்தேன். மணிக்கு இதுவரை மூன்று முறை பெயிண்ட் மாறியிருக்கிறதாம். ஒவ்வொரு முறையும் முதலில் சிலுவை எழுதுவார்கள். அது காய்ந்த பிறகு, ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமான எஸ்தர் டீச்சர், ஸ்டூல் போடச் சொல்லி ஏறி, சிவப்பு எனாமலில் பிரஷ்ஷைத் தோய்த்து, மறுபக்கத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டு வைப்பாராம்.